யாரைப் பார்த்து நேரத்தைப் பழகுவது?

சில வருடங்களுக்கு முன் 11 நாள் தொடர்ந்து காலை 4.30 மணிக்கு எழுந்தேன். யூடியூபில் ஒருவர் அப்படி எழுந்து, ஓடிவிட்டு வந்து, தியானம் செய்து, ஊர் கண் விழிக்கும் முன்பே பாதி நாள் வேலையை முடித்துவிடுவதாகக் காட்டியிருந்தார். 12ஆம் நாள் மதிய மீட்டிங்கில் கண் சொக்கி, நெற்றி போய் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் இடித்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அன்றைக்கு என் சோம்பல் மேல்தான் கோபம் வந்தது. பார்த்துப் பழகுவதற்கு நான் தேர்ந்தெடுத்த ஆள் எனக்குப் பொருந்துகிறவர்தானா என்ற கேள்வி வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

நேரத்தைக் கையாள்வதைப் பற்றி எவ்வளவு படித்தாலும், கடைசியில் ஓர் ஆளைப் பார்த்துத்தான் பழகுகிறோம். பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே குழந்தைகள் ஒரு நடத்தையைப் பிடித்துக்கொள்வதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் ஒரு பொம்மையை வைத்து நடத்திய பரிசோதனை காட்டியது. அந்தக் குழந்தைகள் பிடித்துக்கொண்டது பொம்மையை அடிப்பதை. நல்லதும் கெட்டதும் ஒரே வழியில்தான் வந்து ஒட்டுகின்றன. ஆகவே யாரைப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம். வரலாற்றில் பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தங்கள் நாளைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் இருக்கிறார். 'இவரைப் போல ஆகிவிடக் கூடாது' என்று நினைக்க வைப்பவர் ஒருவராவது எல்லாருக்கும் உண்டு. அப்புறம், கேட்க விசித்திரமாக இருக்கும், ஏதோ ஒரு நல்ல வாரத்தில் இருந்த நீங்களே இருக்கிறீர்கள்.

இவர்களை எடைபோட என்னிடம் மூன்று கேள்விகள் உண்டு. அவருடைய நாள் முழுவதும் எனக்குத் தெரிகிறதா? அவர் தலையில் இருக்கும் சுமை என் சுமையைப் போன்றதா? அவர் சறுக்குவதை என்னால் பார்க்க முடிகிறதா? மூன்றில் கடைசிக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

பெரிய மனிதர்களிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அச்சகக்காரராக இருந்து அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் கால அட்டவணை மிகவும் பிரபலம். காலை 5 மணிக்கு எழுந்து அன்றைய வேலையைத் திட்டமிடுவது, 8 முதல் 12 வரை வேலை, இரண்டு மணி நேரம் படிப்பும் கணக்குப் பார்ப்பதும் சாப்பாடும், 2 முதல் 6 வரை மறுபடி வேலை, அதன்பின் பொருட்களை எடுத்த இடத்தில் வைப்பது, இசை, பேச்சு, இரவு 10 மணிக்குத் தூக்கம். காலையில் 'இன்று என்ன நன்மை செய்யப் போகிறேன்?', இரவில் 'இன்று என்ன நன்மை செய்தேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த அட்டவணையை அழகாக அச்சிட்டு மேசைக்கு மேல் ஒட்டியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒட்டியிருந்தேன்.

ஒட்டியவர்களில் பலர் படிக்காத பகுதி ஒன்று அவருடைய தன்வரலாற்றிலேயே இருக்கிறது. தான் பழக நினைத்த 13 நற்குணங்களில் ஒழுங்கு என்பதுதான் தன்னை மிகவும் படுத்திவிட்டது, அதில் தான் திருந்தவே இல்லை என்று பிராங்க்ளினே எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: தன் நேரம் தன் கையில் இருக்கிற அச்சகத் தொழிலாளிக்கு இந்த அட்டவணை சரிப்படலாம்; அச்சக முதலாளிக்குச் சரிப்படாது, வருகிறவர்களை அவர்கள் வரும் நேரத்தில் அவன் பார்த்தாக வேண்டும். கூடவே ஒரு கதையும் சொல்கிறார். கோடரியின் பக்கம் முழுவதும் பளபளவென்று இருக்க வேண்டும் என்று கேட்டவரிடம், நீ சக்கரத்தைச் சுற்று, நான் தீட்டித் தருகிறேன் என்கிறான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்ததும், புள்ளி புள்ளியாக இருக்கிற கோடரிதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார் அவர். அட்டவணையைவிட எனக்கு இந்த வாக்குமூலம்தான் உபயோகமாக இருந்தது. போட்டவரே கடைப்பிடிக்க முடியாத அட்டவணையை நான் இரண்டு வாரம் முயன்று தோற்றதற்கு அழுதுகொண்டிருந்தேன்.

பெரிய மனிதர்களின் இரண்டாவது சிக்கல், படத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஆட்கள். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் 47 நாவல் எழுதினார், அவற்றில் பலவற்றை அஞ்சல் துறை வேலையில் இருந்துகொண்டே எழுதினார். காலை 5.30 மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 250 சொற்கள் என்று தன்னிடமே கறாராக வசூலித்துக்கொண்டார். கேட்டாலே உற்சாகமாக இருக்கிறது. அவரை எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு வேலையாள் இருந்தார், அதற்காக அவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சார்லஸ் டார்வின் காலையில் 8 முதல் 9.30 வரை, பிறகு கடிதங்கள் பார்த்துவிட்டு 10.30 முதல் 12 வரை வேலை செய்துவிட்டு, இன்றைக்கு நல்ல வேலை நடந்தது என்று எழுந்துவிடுவார். மாலையில் இன்னும் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். குறைந்த நேரத்தில் நிறையச் சாதிக்கலாம் என்பதற்கு உதாரணமாக அவரைக் காட்டுகிறார்கள். குடும்பச் சொத்து இருந்தது, சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டிய தேவை இல்லை, வீட்டை நடத்த மனைவியும் பணியாட்களும் இருந்தார்கள் என்பதைக் காட்டுவதில்லை. இடுப்பில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரம் தவறாமல் நடந்த காந்திக்கு 1917 முதல் 1942 வரை மகாதேவ் தேசாய் செயலாளராக இருந்தார். கால் நூற்றாண்டு! நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒருவர் கால் நாளாவது கிடைப்பார்?

இன்னொன்றும் உண்டு. விடியற்காலையில் எழுந்து, அட்டவணை போட்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியும் ஒன்றும் ஆகாமல் போனவர்களின் வாழ்க்கை வரலாறு அச்சாவதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, எல்லாரும் சீக்கிரம் எழுந்தார்கள் என்று கண்டுபிடிப்பது சுலபம்.

அதற்காகப் பெரிய மனிதர்களை ஒதுக்கிவிட வேண்டுமா? நான் ஒதுக்கவில்லை. அவர்களிடமிருந்து நாளை எடுக்காமல், ஒரு தந்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டிரோலப்பின் கால் மணிக் கணக்கை நான் இன்றும் அறிக்கை எழுதும்போது பயன்படுத்துகிறேன். 250 சொல் எல்லாம் இல்லை, கால் மணிக்கு ஒரு பத்தி. கடிகாரம் எதிரே இருந்தால் கை தானாக போன் பக்கம் போவது குறைகிறது. அந்தத் தந்திரத்துக்கு வேலையாள் தேவைப்படவில்லை, அதனால் அது என் வீட்டிலும் ஓடுகிறது.

இணையத்தில் நாளைக் காட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாளைப் படம்பிடிப்பதே அவர்களுக்கு வேலை. நமக்கு அது வேலை இல்லை. கேமராவை எங்கே வைப்பது, எந்த நிமிடத்தை வெட்டுவது என்று தீர்மானிப்பவரும் அவர்தான். ஒரு மென்பொருளை எப்படி அமைப்பது, காலண்டரில் எப்படிக் கட்டம் போடுவது போன்ற செய்முறைகளுக்கு அந்த வீடியோக்கள் நல்லவை. ஆளைப் பார்த்துப் பழகுவதற்கு வேண்டாம். நேர மேலாண்மை வீடியோ பார்த்தே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

இனி பக்கத்து நாற்காலி. என் அலுவலகத்தில் என்னைவிட ஆறேழு வயது மூத்த ஒரு அம்மா இருக்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமனார். அவரிடம் திறமைசாலி என்கிற தோரணை எதுவும் கிடையாது. மேசை கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் அவருடைய வேலை கெடு தாண்டிப் போய் யாரும் திட்டி நான் கேட்டதில்லை. ரொம்ப நாள் அது அவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருமுறை அவருக்கு எதிரே உட்கார இடம் மாற்றினார்கள். அப்போதுதான் பார்த்தேன்.

யாராவது வந்து "ஒரு நிமிஷம்" என்றால் நான் உடனே திரும்பிவிடுவேன். அவர் திரும்புவதற்கு முன் திரையில் காலண்டரை ஒரு பார்வை பார்ப்பார். "இப்ப இல்ல, மூன்றரைக்கு நானே வரட்டுமா?" என்பார். சொன்னபடி மூன்றரைக்குப் போவார். அதனால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. புதிய வேலை வரும்போது இன்னொரு காரியம் செய்வார். மேலாளர் "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்டால், நான் தலையாட்டிவிட்டு வியாழக்கிழமை இரவு வியர்ப்பேன். அவர் ஒரு பழைய நோட்டைப் புரட்டுவார். "போன தடவை இதே மாதிரி வேலைக்கு ஏழு நாள் ஆச்சு. செவ்வாய்க்கிழமை தரேன்" என்பார். அந்த நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, எத்தனை நாள் என்று நினைத்தது, எத்தனை நாள் ஆனது என்று இரண்டு எண்கள் மட்டும் இருக்கும்.

அந்த இரண்டு எண்களின் மதிப்பு பிறகுதான் எனக்கு உறைத்தது. 1994இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது ஏறத்தாழ 56 நாள். நமக்கு நாமே போடும் கணக்கில் எப்போதும் எல்லாம் நன்றாக நடக்கும். காய்ச்சல் வராது, கணினி மக்கர் பண்ணாது. இன்னொருவரின் வேலையைக் கணிக்கும்போது மனிதர்களுக்கு இந்தச் சலுகை மனப்பான்மை வருவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே பக்கத்தில் இருக்கும் ஓர் ஆளிடம் 'எத்தனை மணிக்கு எழுவீர்கள்?' என்று கேட்பதைவிட 'இந்த வேலை உங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது?' என்று கேட்பதில் லாபம் அதிகம். இந்தக் கேள்விக்குப் பிராங்க்ளின் பதில் சொல்ல மாட்டார்.

அந்த அம்மாவும் சறுக்குவார். மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் அவருடைய காலண்டர் கந்தலாகிவிட்டது. நான் கவனித்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமையை. விட்டுப்போனதை எல்லாம் பிடித்துவிடலாம் என்று அவர் ராத்திரி உட்காரவில்லை. பட்டியலை எடுத்து, யார் யாருக்குத் தாமதமாகும் என்று வரிசையாக ஐந்து பேருக்குப் போன் செய்தார். பத்து நிமிடம் ஆயிற்று. வாழ்க்கை வரலாற்றிலும் வீடியோவிலும் இந்தப் பத்து நிமிடம் இருக்காது. ஒழுங்கு உடைந்த மறுநாள் என்ன செய்வது என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியாத பாடம். அட்டவணை போடுவது யாருக்கும் வரும்.

சறுக்கும் ஆளைப் பார்ப்பது ஏன் உதவுகிறது என்பதற்குக் கல்வி உளவியலில் பழைய ஆதாரம் இருக்கிறது. கழித்தல் கணக்கில் தடுமாறிய பிள்ளைகளை வைத்து டேல் ஷங்கும் ஹான்சனும் 1985இல் ஆய்வு செய்தார்கள். தங்களைப் போன்ற ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு, ஆசிரியர் செய்து காட்டுவதைப் பார்த்தவர்களைவிடத் தன்னம்பிக்கையும் மதிப்பெண்ணும் கூடின. 1987இல் பின்னக் கணக்கில் செய்த ஆய்வில், முதலிலிருந்தே பிழையில்லாமல் செய்த ஒற்றை மாணவனைப் பார்த்ததைவிட, முதலில் தடுமாறி மெல்லத் தேறிய மாணவனைப் பார்த்தது அதிகம் பயன்பட்டது. பிள்ளைகளின் கணக்கு வேறு, பெரியவர்களின் காலண்டர் வேறு, சரி. ஆனாலும் 'இவருக்கே வருகிறது என்றால் எனக்கும் வரும்' என்ற எண்ணம் பிறக்கும் இடம் ஒன்றாகவே எனக்குத் தெரிகிறது.

எட்டுகிற தூரம் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உளவியலாளர்கள் பெனலோப் லாக்வுட், ஸீவா குண்டா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கியல் மாணவர்களுக்கு அதே துறையின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் சாதித்ததைப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு ஊக்கம் பிறந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்குப் பிறக்கவில்லை. அவர்களுக்கு எட்டிப்பிடிக்க நேரம் மிச்சமில்லை. இதை நேரத்துக்குப் பொருத்திப் பார்த்தால், உங்களோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்து இன்று எங்கேயோ போய்விட்ட நண்பர் நல்ல முன்மாதிரி ஆகாமல் போகலாம். அவரைப் பார்க்கும்போது கற்றுக்கொள்ளத் தோன்றாது, வயிறுதான் எரியும். இரண்டு மூன்று படி மேலே, நீங்களும் போகப்போகிற பாதையில் நிற்கிறவர் நல்லது.

பக்கத்து ஆளிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் இருப்பவர்களும் நம்மைப் போலவே இருந்துவிடும் ஆபத்து உண்டு. எல்லாரும் இரவு 9 மணி வரை உட்காரும் அலுவலகத்தில், 8 மணிக்குக் கிளம்புகிறவர் பெரிய சாதனையாளராகத் தெரிவார். இரவு வேலை பார்ப்பவருக்குப் பகல் வேலைக்காரரின் பழக்கம் ஒத்துவராது. காக்கைக்குப் பகல், கூகைக்கு இரவு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவர், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒருவரைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் அலுவலகத்துக்கு வெளியே, அதே சுமையைச் சுமக்கும் ஒருவரைத் தேட வேண்டும். கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் கிடைத்தால் ஒரு அரை மணிப் பேச்சே போதும்.

எதிர்மறை முன்மாதிரியை நான் குறைவாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்" என்பார். எல்லாவற்றையும் தாமதமாகத் தருவார், ஒவ்வொரு தாமதத்துக்கும் உண்மையான காரணமும் வைத்திருப்பார். ஒரு நாள் அவர் காரணம் சொல்லும்போது, அதே வாக்கியத்தை முந்தின வாரம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு விழுந்த அடி எந்த வாழ்க்கை வரலாற்றிலும் விழவில்லை. லாக்வுட்டும் குண்டாவும் கிறிஸ்டியன் ஜோர்டனோடு சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை இரண்டாகப் பிரிக்கிறது: வெற்றியை நோக்கி ஓடும் மனநிலையில் இருப்பவரை நல்ல உதாரணம் தூண்டுகிறது, தோல்வியைத் தவிர்க்க நினைப்பவரைக் கெட்ட உதாரணம் தூண்டுகிறது. நீங்கள் 'இதை விட்டுவிடக் கூடாதே' என்று பதறுகிற ரகம் என்றால் கெட்ட உதாரணம் வேலை செய்யும். ஆனால் அது எதை நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் காட்டும். அதற்குப் பதில் என்ன செய்வது என்பதற்கு வேறு ஆள் வேண்டும். கூடவே, அவரைப் பார்த்து 'நான் பரவாயில்லை' என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் சுகமும் இருக்கிறது. அது வந்துவிட்டால் மருந்து விஷமாகிவிடும்.

பிறகு நீங்களே. சென்ற ஒரு வருடத்தில் எல்லாம் ஓரளவு சொன்னபடி நடந்த ஒரு வாரத்தைத் தேடிப் பாருங்கள். காலண்டரும் அனுப்பிய மெயில்களும் வாட்ஸ்ஆப் செய்திகளும் சாட்சி சொல்லும். சுமை ஒன்றே, உடம்பு ஒன்றே, வீடு ஒன்றே. என் முதல் இரண்டு கேள்விகளுக்கும் முழு மதிப்பெண். என் நல்ல வாரத்தைத் தோண்டியபோது கிடைத்தது சப்பென்று இருந்தது: அந்த வாரம் இரண்டு மீட்டிங் ரத்தாகியிருந்தன, போன் ரிப்பேரில் இருந்தது. என் ஒழுக்கம் எங்கேயும் இல்லை. ஆனால் போன் இல்லாத வாரம் நல்ல வாரம் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதானே. அப்படி ஒரு வாரம்கூட அகப்படாதவர்களுக்கு இந்த வழி உதவாது.

நான்கைந்து பேரிடம் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒட்டுப்போடுவது நல்லதா, ஒரே ஆளை முழுதாகப் பின்பற்றுவது நல்லதா என்று கேட்டால், ஒட்டுப்போடுவது என்பேன். 1987 ஆய்விலும், பிழையில்லாமல் செய்த ஒருவரைப் பார்த்ததைவிட அப்படிச் செய்த பலரைப் பார்த்தது பலன் தந்தது. ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டால் அவருடைய கிறுக்குத்தனங்களும் சேர்ந்து வரும். ஒட்டுப்போடுவதில் ஒரு கண்டிஷன்: ஒரு நேரத்தில் ஒரு துண்டு, மூன்று நான்கு வாரம். நான் ஒரே மாதத்தில் டிரோலப்பின் கடிகாரத்தையும் அந்த அம்மாவின் நோட்டையும் இன்னொருவரின் ஞாயிறு மாலைத் திட்டமிடலையும் சேர்த்து ஆரம்பித்தேன். மூன்றும் ஒன்றாகவே செத்தன.

ஆகவே, தேர்வு செய்ய வேண்டியவர் ஒருவர்தான் என்றால், சுமை ஒத்த, இரண்டு படி மேலே நிற்கும், சறுக்கினால் உங்கள் கண்ணில் படும் பக்கத்து ஆளை எடுங்கள். எங்கே கோட்டை விடுகிறோம் என்றே புரியாத நிலையில் இருந்தால் முதலில் எதிர்மறை ஆளைப் பாருங்கள். தனியாக, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்குப் பக்கத்து ஆள் வாய்ப்பது அரிது. அவர்கள் தங்கள் நல்ல வாரத்தோடு ஒரு பெரிய மனிதரின் ஒற்றைத் தந்திரத்தைச் சேர்த்துக்கொண்டு தொடங்கலாம்.

பக்கத்து ஆளிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. 'எனக்கு வழிகாட்டியாக இருங்கள்' என்றெல்லாம் கேட்டால் அவர் மிரண்டுவிடுவார். நான் அந்த அம்மாவிடம், திங்கட்கிழமை காலையில் நீங்கள் வாரத்தைத் திட்டமிடும்போது அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரலாமா என்று மட்டும் கேட்டேன். "இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று சிரித்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஒன்பது வேலைகளை எழுதினார். ஒவ்வொன்றின் எதிரிலும் பழைய நோட்டைப் பார்த்து ஒரு எண் போட்டார். கூட்டிப் பார்த்துவிட்டு, பேனாவைத் திருப்பிப் பிடித்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு நான்கை அடித்தார். அடித்த நான்கில் ஒன்று, அவர் எனக்குச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தது.

"உங்களுக்கு அடுத்த வாரம்," என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே.